கருப்பட்டியின் கண், மூக்கு, இரண்டு காது

ஜனவரி 4, ஞாயிறு

இன்று முதல் டைரி எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். ஜவுளிக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி சும்மா கிடக்கிறது. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வீட்டில் மனைவி காந்திமதி இருக்கிறாள். கருப்பட்டி என்ற நாய் இருக்கிறது. காந்திமதி என்னிடம் பேசுவதில்லை என்பது வேறு விஷயம்.

நான் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே வழக்கின் சுருக்கத்தை முறையாக எழுதிவிடுகிறேன்.

போன மாதம் தென்காசியில் என் சகலை பிறவிப்பெருமாள் அண்ணாச்சிக்கு எழுபது முடிந்து பீமரத சாந்தி நடந்தது. மகன் பழசாகிவிட்டதென்று விட்டுப்போன காமிராவோடு போனேன். கூடவே நான் புதிதாக வாங்கிய பிளாஷ். அது தானாக எதையும் தீர்மானிக்காது. எவ்வளவு வெளிச்சம் வேண்டுமென்று நாம்தான் திருகி வைக்க வேண்டும். நான் முழுசாக வைத்தேன். விசேஷ வீட்டில் கஞ்சத்தனம் எதற்கு? எல்லோரும் கொஞ்சம் வெளுப்பாக வந்தார்கள். காந்திமதி மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வந்தாள். அதுவும் ஒவ்வொரு படத்திலும் கண்ணை மூடிக்கொண்டு. ஒன்றில் வாயில் பாதி ஜாங்கிரி. அதை நான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது கைதவறி நடந்தது. அவளுடைய அக்கா ஆவுடையம்மாள் அதற்கு வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகளை அனுப்பியதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

வீட்டுக்கு வந்ததும் காந்திமதி விளக்கம் கேட்டாள். நான் தொழில்நுட்ப ரீதியாக ஒரு கருத்துச் சொன்னேன். "நாயக்கூட நல்லா எடுத்துரலாம் காந்தி. ஒன்னைய எடுக்கத்தான் முடியல."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்படியா? எடுங்களேன். இந்தா நிக்கில்லா கருப்பட்டி. கண்ணு, மூக்கு, ரெண்டு காது, நாலும் தனித்தனியாத் தெரியணும். ஒரே ஒரு படம் எடுத்துக் காட்டுங்க. அன்னைக்குப் பேசுதேன்."

அதுதான் தீர்ப்பு. அதன் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கருப்பட்டிக்குக் கண் கறுப்பு, மூக்கு கறுப்பு, காது கறுப்பு, மீதி உடம்பும் கறுப்பு என்பதை அவள் நன்றாக யோசித்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஜனவரி 5, திங்கள்

வீட்டுக்குள் படம் எடுக்க முடியாது. பிளாஷைக் கண்டதும் கருப்பட்டி கட்டிலுக்கடியில் போய்விடுகிறது. பகலில் அது தூங்கும். எனவே சாயங்காலம், உலாவிவிட்டு வந்த பிறகு, புறவாசலில்.

நாயைப் படமெடுக்க அதன் உயரத்துக்கு இறங்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். துண்டை விரித்துக் குப்புறப் படுத்தேன். காமிராவில் கண் வைக்க மூக்குக் கண்ணாடி இடைஞ்சல், கழற்றி வைத்தேன். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்குப் பக்கத்தில் இருப்பது தெரியும். வீடு, வாசல், செம்பருத்திச் செடி எல்லாம் ஒரே கலங்கல்தான். நாய் பக்கத்தில்தானே இருக்கிறது, போதும்.

பிளாஷ் முழுசு. படத்தில் தரை சலவை செய்த மாதிரி வெளுத்திருந்தது. நடுவில் இரண்டு பச்சை பல்புகள் எரிந்தன.

காமிராவைச் சாப்பாட்டு மேஜைமேல் விட்டுவிட்டுக் கால் கழுவப் போனேன். காந்திமதி பார்த்திருக்கிறாள். நாயிடம் சொல்வது காதில் விழுந்தது: "ஏ கருப்பட்டி, ஒன்னைய எடுக்கச் சொன்னா ஒங்கய்யா முனிய எடுத்துட்டு வந்துருக்காவ."

இப்போதெல்லாம் எனக்குச் சேர வேண்டிய செய்தி அனைத்தும் கருப்பட்டி வழியாகத்தான் வருகிறது. காப்பியில் சீனி இல்லை. கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் கருப்பட்டி வழியாகப் பதில் வருவதற்குள் காப்பி ஆறிவிடும்.

ஜனவரி 6, செவ்வாய்

பிளாஷைப் பதினாறில் ஒரு பங்குக்குக் குறைத்தேன். படத்தில் நாயே இல்லை. கூட்டினால் கருப்பட்டி ஆசையோடு என்னை நக்க வருகிறது. பக்கத்தில் வந்தால் வெளுத்துவிடுகிறது. தள்ளிப் போனால் மறைந்துவிடுகிறது. பிளாஷுக்குத் தூரம் தெரியாது, நாய்க்குக் கணக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நான் மண்ணில் கிடக்கிறேன்.

எனவே நாய் நிற்க வேண்டிய இடத்தைக் குறித்துவிடுவது என்று தீர்மானித்து, காந்திமதியின் கோலமாவு டப்பாவை எடுத்துத் தரையில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். நல்ல பச்சரிசி மாவு. கருப்பட்டி குறிக்குச் சரியாக வந்து நின்றது, குனிந்தது, குறியை நக்கித் தின்றது. மறுபடி போட்டேன். மறுபடியும் தின்றது.

"மார்கழிக் கோலத்துக்கு மாவு இல்லன்னு ஒங்கய்யாட்ட சொல்லு" என்று உள்ளேயிருந்து நாய்க்கு உத்தரவு வந்தது. கடைக்குப் போய் வாங்கி வந்தேன்.

ஜனவரி 7, புதன்

தூரம் சரியாகிவிட்டது. வெளிச்சம் நாலில் ஒன்று, நாய் நாலடியில். கருப்பட்டி என்னையே பார்த்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பொத்தானில் விரல் வைத்தேன். அந்த நொடியில் சடாரென்று வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. படத்தில் முதுகு. அடுத்ததும் முதுகு. பின்னால் எல்லாம் கன்னங்கரேல் என்று இருக்க, முன்னால் ஒரு முதுகும் வாலும் மட்டும் பிரமாதமாக வந்திருக்கின்றன.

வாயோரம் ரஸ்க் தூள் ஒட்டியிருந்தது. எங்கே பொறுக்கித் தின்றதோ.

ஜனவரி 8, வியாழன்

வால்.

ஜனவரி 9, வெள்ளி

இன்று நடந்ததை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

கறுப்பு நாய்க்குப் பக்கவாட்டில் வெள்ளையாக ஏதாவது வைத்தால் வெளிச்சம் திரும்பி விழும் என்று படித்தேன். வெள்ளையாக, தட்டையாக, பெரிதாக எது இருக்கிறது? தெர்மாகோல். காலையில் மார்க்கெட்டுப் பக்கம் போனபோது ஒரு கடை வாசலில் அழகான தெர்மாகோல் மூடி கிடந்தது. கேட்டேன். "எடுத்துட்டுப் போங்க சார்" என்றார் கடைக்காரர். பிறகுதான் அது மீன்கடை என்று கவனித்தேன். நாங்கள் சைவம். ஆனாலும் மூடி மூடிதானே, மீன் இல்லையே என்று எனக்கு நானே வாதாடி, குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

தயிர்சாதம் தின்று வளர்ந்த கருப்பட்டிக்கு அதுவரை தன் வாழ்க்கையில் என்ன குறை என்று தெரியாமல் இருந்தது. இன்று தெரிந்துவிட்டது. மூடியை நக்கியது, கட்டிப் புரண்டது, கடித்துத் தூளாக்கியது, கடைசித் துண்டை வாயில் கவ்விக்கொண்டு நேராக பூஜை அறைக்குள் ஓடியது.

பூஜை அறையிலிருந்து காந்திமதி போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். எனக்கு ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது, பேசிவிட்டாள் என்று. ஆனால் கூர்ந்து கேட்டதில் அத்தனையும் கருப்பட்டிக்குத்தான்: "ஏ மூதி, ஒங்கய்யாவுக்குத்தான் கூறு இல்ல, ஒனக்குமா இல்ல?" வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். என்மேலும் கொஞ்சம் கூடுதலாகத் தெளித்தாள்.

ஜனவரி 11, ஞாயிறு

வால். பிறகு வழுக்கி விழுந்தேன்.

எழுந்து இடம் மாறலாம் என்று கண்ணாடி போடாமலே நடந்ததில் துவைகல் பக்கம் பாசியில் கால் வைத்துவிட்டேன். விழுகிற வேகத்தில் காமிராவும் தானாக ஒரு படம் எடுத்துக்கொண்டது. இடுப்பில் நல்ல அடி. நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

ஜனவரி 12, திங்கள்

காலையில் என் கட்டில் பக்கத்தில் வலித்தைலம் இருந்தது. கருப்பட்டி கொண்டுவந்து வைத்திருக்க முடியாது, மூடி இறுக்கமானது. காப்பியில் சீனி இருந்தது. காரணம் தெரியவில்லை, டப்பா மாறியிருக்கலாம்.

ஜனவரி 13, செவ்வாய்

வால். ரஸ்க் டப்பா காலி. விருந்தாளிகளுக்கென்று வாங்கி வைத்தது, போன வாரம்தான் பாக்கெட் பிரித்தது. நான் தின்பதில்லை, காந்திமதிக்கு ரஸ்க் பிடிக்காது. எலி இருக்கிறது போலிருக்கிறது. பொறி வாங்க வேண்டும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பானை பொங்கும்போது காந்திமதி "பொங்கலோ பொங்கல்" என்று சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் பொதுவில் சொன்னது அது. எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ள சட்டத்தில் இடமில்லை.

புதுப்புடவையில் நன்றாக இருந்தாள். காமிராவை எடுக்கப் போனேன். பிறகு எடுக்கவில்லை.

ஜனவரி 17, சனி

காணும் பொங்கல். பிறவிப்பெருமாள் அண்ணாச்சியும் ஆவுடையம்மாளும் தென்காசியிலிருந்து வந்தார்கள். கேட்டுக்குள் அவர்கள் கால் வைத்ததும் ஓர் அதிசயம் நடந்தது.

"ஏங்க, யார் வந்துருக்கான்னு பாருங்க!"

என்னைத்தான். என் முகத்தைப் பார்த்து. அக்கா முன்னால் மானம் போகக் கூடாதில்லையா? அதற்கப்புறம் கேட்க வேண்டுமா. "ஏங்க, அத்தானுக்கு எலையில அவியல் இல்ல பாருங்க." "ஏங்க, ஒரு செம்பு தண்ணி." "ஏங்க, அந்த பேனக் கொஞ்சம் கூட்டி வைங்க." நான் ஓடி ஓடிச் செய்தேன். பேன் ஏற்கெனவே கூட்டித்தான் இருந்தது. குறைத்துவிட்டுக் கூட்டினேன்.

சாப்பிட்டதும் அண்ணாச்சி காமிராவை வாங்கிப் படங்களைப் பார்த்தார். எல்லாம் தெரிந்தவர் அவர்.

"என்னவே இது, முன்னால ஒரு வாலு, பின்னால ஒரே அமாவாசை? பிளாஷ நேரா மூஞ்சில அடிக்காதீரும். கொடியில வெள்ள வேட்டியக் கட்டும், பிளாஷ் தலைய அது பக்கம் திருப்பி அடியும், மெத்துன்னு வந்து விழும். ஷட்டரயும் மெதுவா வையும். அந்தி வெளிச்சமும் கொஞ்சம் உள்ள வரட்டும், பின்னால இருக்கது தெரியட்டும்."

"பின்னால என்ன அத்தான் இருக்கு? வெறுஞ் சுவருதான்" என்று காந்திமதி சட்டென்று குறுக்கே விழுந்தாள். "பழைய மாதிரியே இருக்கட்டும்." அவளுக்கு எப்போதிருந்து ஷட்டரில் அக்கறை என்று தெரியவில்லை.

நாலு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். இருந்துவிட்டு நாளைக்குப் போகலாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அண்ணாச்சி என்னை விநோதமாகப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் நான் அவரை இருக்கச் சொன்னதே கிடையாது. அவரை எனக்குப் பிடித்ததும் கிடையாது. ஆனால் இன்று அந்த ஆட்டோ கிளம்பாமல் மக்கர் செய்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ஆட்டோ தெருமுனை திரும்பியது. காந்திமதியைப் பார்த்தேன். அவள் கருப்பட்டியைப் பார்த்தாள்.

"ஏ கருப்பட்டி, கேட்டச் சாத்தச் சொல்லு."

சாத்தினேன். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. மூக்கடைப்பாகவும் இருக்கலாம், பனிக்காலம்.

ஜனவரி 18, ஞாயிறு

அண்ணாச்சி சொன்னதால் அல்ல, நானாகவே ஏற்கெனவே யோசித்திருந்த காரணத்தால், கொடியில் எட்டு முழ வேட்டியைக் கட்டினேன். பிளாஷின் தலையை அதன் பக்கம் திருப்பினேன். ஷட்டரை மெதுவாக வைத்தேன். படுத்தேன். கண்ணாடியைக் கழற்றினேன்.

வேட்டியிலிருந்து வழிந்த அந்தி வெளிச்சம் கருப்பட்டியின் மேல் பட்டதும் கறுப்புக்குள் இத்தனை நிறம் இருக்கிறதா என்று வியந்துபோனேன். நெற்றியில் ஒரு மினுக்கம், காது ஓரத்தில் லேசான செம்பட்டை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

திரும்பிவிட்டது.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நாய் கலங்கிப்போய் ஒரு கறுப்புப் புகையாக இருந்தது. கண் இல்லை, மூக்கு இல்லை, காது ஒன்றரை.

ஆனால் பின்னால் இந்தமுறை அமாவாசை இல்லை. வீட்டுச் சுவர் தெரிந்தது. செம்பருத்தி தெரிந்தது. புறவாசல் படி தெரிந்தது. படியில் காந்திமதி நின்றுகொண்டிருந்தாள். வலது கையில் ஒரு ரஸ்க்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். இடது கையால் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கப் பார்த்திருக்கிறாள், அடங்கவில்லை. முந்தானை நழுவி, வாய்விட்டுச் சத்தமில்லாமல் சிரிக்கிறாள்.

கண் இரண்டும் திறந்திருக்கின்றன.

நிமிர்ந்து பார்த்தேன். படி காலியாக இருந்தது. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் மும்முரமாகக் கேட்டது.

காமிராவை இன்று மேஜைமேல் வைக்கவில்லை.

ஜனவரி 19, திங்கள்

மத்தியானம் காந்திமதி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இருட்டைக் கூட்டிக் குறைக்க அதில் வசதி உண்டு. ஒவ்வொரு வாலுக்கும் பின்னால் இருந்த அமாவாசையை மெல்ல மெல்ல விலக்கினேன்.

எல்லாவற்றிலும் இருக்கிறாள். புள்ளி புள்ளியாக, மங்கலாக. ஏழாம் தேதி படியில் நின்று ரஸ்க்கை ஆட்டுகிறாள். எட்டாம் தேதி தூணுக்குப் பின்னால் பாதி. பதின்மூன்றாம் தேதி என்னைப் போலவே ஒரு கண்ணை மூடி, கையில் இல்லாத காமிராவைப் பிடித்து எனக்கு அழகு காட்டுகிறாள். வாங்கி வைத்த எலிப்பொறியை வாபஸ் கொடுத்துவிட வேண்டியதுதான்.

பதினொன்றாம் தேதிப் படத்தையும் திறந்தேன், நான் விழும்போது காமிரா தானாக எடுத்தது. எல்லாம் சாய்ந்து கிடக்கிறது. அதிலும் இருக்கிறாள். ஆனால் சிரிக்கவில்லை. ரஸ்க் கீழே கிடக்கிறது. ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு என்னை நோக்கி ஓடி வருகிறாள். நான் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டதைப் பார்த்து அப்படியே திரும்பிப் போயிருக்க வேண்டும்.

யாரும் பார்க்கவில்லை என்று அன்று எழுதியிருந்தேன். அதை இப்போது திருத்துகிறேன்.

சாயங்காலம் வழக்கம்போல வேட்டியைக் கட்டினேன், படுத்தேன். கண்ணாடியை மட்டும் கழற்றவில்லை. வெறுமனே காமிராவைத் தூக்கி, அதன் மேலே பார்த்தேன். படியில் வந்து நின்றாள். ரஸ்க் மேலே போனது. கருப்பட்டியின் காது திரும்பியது.

"ஏ கருப்பட்டி" என்று சத்தமாகச் சொன்னேன். "ஒங்கம்மாட்ட சொல்லு, ரஸ்க்க வலது கையில தூக்குனா மூஞ்சில நிழல் விழுது. இடது கையில பிடிக்கச் சொல்லு."

ரஸ்க் அந்தரத்தில் நின்றது. கருப்பட்டி அவளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. யாரிடம் போய் என்ன சொல்வது என்று அதற்குப் புரியவில்லை.

"என்னைக்குத் தெரிஞ்சுது?" என்றாள் காந்திமதி.

நாயிடம் இல்லை. என்னிடம்.

"நேத்து." எழுந்து உட்கார்ந்தேன். "ஏன் காந்தி இப்படிச் செஞ்ச? படம் நல்லா வந்தாப் பேசுதேன்னு நீதான சொன்ன?"

"நல்லா வந்துருமோன்னுதான்." ரஸ்க்கை ஒடித்துக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னாள். "நாய்கூட நல்லா வந்துட்டா, பெறகு கோளாறு என் மூஞ்சிலதான்னு ஆயிருமே."

எத்தனையோ வக்கீல்களின் வாதத்தைக் கேட்டவன் நான். இப்படி ஒரு வாதத்தை இன்றுதான் கேட்டேன். துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன். இன்று பனிமேல் பழி போட மாட்டேன்.

"நான் சொன்னது தப்பு காந்தி. பிளாஷ முழுசா வச்சது நான். ஒன் மூஞ்சில ஒரு கோளாறும் இல்ல."

படியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து நேற்று எடுத்த படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். புடவைத் தலைப்பால் காமிராவைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"பல்லெல்லாம் தெரியுது."

"தெரியட்டும்."

"தலை கலைஞ்சிருக்கு."

"இருக்கட்டும்."

"இத குரூப்புல போடுங்க" என்றாள். "அக்கா பாக்கட்டும்."

போட்டேன். இந்தமுறை கைதவறி இல்லை.

ரஸ்க் முழுவதையும் தின்று முடித்த கருப்பட்டி எங்கள் எதிரில் வந்து, வேட்டியில் பட்ட அந்தி வெளிச்சம் விழும் இடத்தில், நிமிர்ந்து உட்கார்ந்தது. கண், மூக்கு, இரண்டு காது, நாலும் தனித்தனியாகத் தெரிந்தன. அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் காமிராவை எடுக்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

இன்று எழுத ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் அவளிடமே சொல்லிவிட்டேன்.